நூலகத் தரவுத்தளக் கட்டுரைகளைச் சேமிப்பதும் அனுப்புவதும்: முழுமையான வழிகாட்டி

நேற்றுத் தேடிப் பிடித்த கட்டுரை இன்று திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நீங்கள் சேமித்து வைத்தது கட்டுரையை அல்ல, நேற்றைய அமர்வை. ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துத் தரும் எப்ஸ்கோ, புரோக்வெஸ்ட் போன்ற தரவுத்தளம் ஒன்றுக்குள் நூலகத்தின் வழியாக நுழைந்ததும் அது உங்களுக்கென்று தற்காலிகமாக ஓர் அமர்வைத் திறக்கிறது. தேடல் முடிவுகளின் வரிசை, டிக் போட்டு வைத்த தலைப்புகள், ஃபோல்டரில் சேர்த்தவை, முகவரிப் பட்டையில் நீளமாகத் தெரியும் அந்த முகவரி ஆகிய எல்லாமே அந்த அமர்வோடு கட்டப்பட்டவை. கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் விட்டாலோ உலாவியை மூடினாலோ அமர்வு முடிந்துவிடும். வாசகசாலை மேசையில் விரித்து வைத்த இதழ்களைப் பூட்டும் நேரத்தில் ஊழியர் எடுத்து அடுக்கிவிடுவதுபோலத்தான் இதுவும்.

ஆகவே செய்ய வேண்டிய வேலை, கட்டுரையை அமர்வுக்கு வெளியே எடுத்து வைப்பது. அப்படி எடுக்க வேண்டியவை மூன்று: பிடிஎஃப் கோப்பு, நிலையான இணைப்பு, மேற்கோள் விவரம் (ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம்). கோப்பு மட்டும் இருந்தால் ஆறு மாதம் கழித்து அது எந்த இதழில், எந்த ஆண்டில் வந்தது என்று மறுபடி தேட வேண்டியிருக்கும். இணைப்பு மட்டும் இருந்தால், நூலகம் அந்தச் சந்தாவை நிறுத்திய நாளில் அதற்குப் பயனில்லை. மேற்கோள் விவரம் மட்டும் இருந்தால் படிக்க எதுவும் இருக்காது. மூன்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவதே நல்ல பழக்கம்; பழகிவிட்டால் ஒரு கட்டுரைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இரண்டு லாகின்கள், இரண்டு வேலைகள்

இங்கே வரும் குழப்பங்களில் பாதி, இரண்டு கணக்குகளை ஒன்றென்று நினைப்பதால் வருபவை. முதலாவது நூலக லாகின். பல்கலைக்கழகமோ பொது நூலகமோ கொடுத்த அடையாள எண்ணும் கடவுச்சொல்லும் இது. முழு உரையைத் திறந்துவிடுவது இதன் வேலை. எதையும் சேமித்து வைப்பது இதன் வேலை அல்ல. இரண்டாவது, தரவுத்தளத்துக்குள்ளேயே நீங்கள் தொடங்கிக்கொள்ளும் தனிக் கணக்கு. எப்ஸ்கோவில் மைஎப்ஸ்கோ, புரோக்வெஸ்ட்டில் மை ரிசர்ச், மருத்துவக் கட்டுரைகளின் அட்டவணையான பப்மெட்டில் மை என்சிபிஐ என்று தளத்துக்குத் தளம் பெயர் மாறும். இந்தக் கணக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. சேர்த்த கட்டுரைகள், தேடல் வரலாறு, புதிய கட்டுரை வந்தால் தெரிவிக்கும் அலர்ட் எல்லாம் தங்குவது இங்கேதான். வலது மேல் மூலையில் நூலகத்தின் பெயர் தெரிகிறது என்பதற்காக நீங்கள் தனிக் கணக்குக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. அதே பகுதியில் 'சைன் இன்' என்ற சொல் இன்னும் இருந்தால் நீங்கள் வெளியேதான் இருக்கிறீர்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: நூலகத்தின் இணையப் பக்கம், அங்கிருந்து தரவுத்தளம், அதற்குள் தனிக் கணக்கு, அதன் பிறகு தேடல். நேராகக் கூகுளில் தளத்தின் பெயரைத் தட்டி உள்ளே போனால் நீங்கள் எந்த நூலகத்தின் வாசகர் என்று தளத்துக்குத் தெரியாது. கட்டுரைக்கு விலை கேட்கும். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பணம் கட்டத் தேவையில்லை. நூலகப் பக்கத்துக்குத் திரும்பி உள்ளே வந்தால் போதும்.

தனிக் கணக்குக்கு எந்த மின்னஞ்சலைக் கொடுப்பது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். படிப்போ வேலையோ முடிந்ததும் நிறுவன மின்னஞ்சல் மூடப்படும். பிறகு கடவுச்சொல்லை மாற்றக் கேட்டால்கூட அந்தக் கடிதம் வந்து சேர இடமிருக்காது. சொந்த மின்னஞ்சல் நல்லது.

கையில் கிடைத்திருப்பது என்ன என்று முதலில் பாருங்கள்

தேடல் முடிவில் தலைப்பு வந்துவிட்டால் கட்டுரையும் அங்கே இருக்கும் என்பதில்லை. பப்மெட், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகியவை அட்டவணைகள். அவற்றில் இருப்பது தலைப்பும் சுருக்கமும் மேற்கோள் விவரமும்தான். கட்டுரை பதிப்பகத்தின் தளத்திலோ, பப்மெட்டைப் பொறுத்தவரை இலவச முழு உரைக் காப்பகமான பப்மெட் சென்ட்ரலிலோ இருக்கும். எப்ஸ்கோ, புரோக்வெஸ்ட், கேல் போன்றவை கலவையானவை: ஒரு பதிவில் பிடிஎஃப் இருக்கும், அடுத்ததில் வெறும் ஹெச்டிஎம்எல் உரை, அதற்கடுத்ததில் சுருக்கம் மட்டும். இதைக் கவனிக்காமல் முப்பது தலைப்புகளை டிக் செய்து மின்னஞ்சல் அனுப்பினால், வந்து சேரும் கடிதத்தில் பத்துக்குத்தான் முழு உரை இருக்கும்.

பிடிஎஃப், ஹெச்டிஎம்எல் இரண்டும் இருந்தால் பிடிஎஃப்-ஐ எடுங்கள். மேற்கோள் காட்டப் பக்க எண் வேண்டும். ஹெச்டிஎம்எல் உரையில் அது பெரும்பாலும் இருக்காது. படங்களும் அட்டவணைகளும் சமன்பாடுகளும் அதில் விடுபட்டிருப்பதும் உண்டு. ஆனால் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்கும் சின்னத் திரையில் படிப்பவர்களுக்கும் ஹெச்டிஎம்எல்தான் வசதி. இரண்டு பத்தியாக அச்சான பிடிஎஃப்-ஐ மொபைலில் படிப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

பிடிஎஃப்-ஐ இறக்குவது

1. கட்டுரையின் பதிவுப் பக்கத்தைத் திறங்கள். முடிவுப் பட்டியலிலிருந்தே இறக்க வேண்டாம். டிஓஐ எண் (கட்டுரைக்கென்று உள்ள நிரந்தர அடையாள எண்), இதழ், ஆண்டு எல்லாம் ஒரே பார்வையில் கிடைப்பது இந்தப் பக்கத்தில்தான்.

2. தளம் தரும் 'டவுன்லோடு' பொத்தானை அழுத்துங்கள். பிடிஎஃப் உலாவிக்குள்ளேயே திறந்துகொண்டால், அந்தப் பிடிஎஃப் சட்டத்தின் மேல் ஓரத்தில் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்துங்கள். உலாவியின் மெனுவில் இருக்கும் 'சேவ் பேஜ்' வேண்டாம்.

3. ஜேஸ்டோர் என்ற இதழ்க் காப்பகத்தில் இறக்கும்போது முதலில் நிபந்தனைகளை ஏற்கச் சொல்லி ஒரு பெட்டி வரலாம். அதை ஏற்ற பிறகுதான் கோப்பு வரும்.

4. இறங்கிய கோப்பை உடனே திறந்து கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். நூற்பட்டியல் முழுமையாக இருக்கிறதா, பதிவில் சொன்ன பக்க எண்ணோடு ஒத்துப்போகிறதா?

5. கூடுதல் தரவு, பிற்சேர்க்கை என்று தனிக் கோப்புகள் இருந்தால் அவற்றையும் இப்போதே இறக்குங்கள். அறிவியல் கட்டுரைகளில் செய்முறையின் முக்கியமான பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கும். அவை பிடிஎஃப்-க்குள் வராது.

6. வேறு எதையும் தொடுவதற்கு முன் கோப்புக்குப் பெயர் வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பல தளங்கள் பிடிஎஃப்-ஐத் தங்கள் பக்கத்துக்குள் ஒரு சட்டமாகப் பதித்துக் காட்டுகின்றன. அப்போது கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் சேமிக்கப்படுவது வெளிப்பக்கம்: மெனுக்களும் லோகோவும் இருக்கும், கட்டுரை இருக்காது. கன்ட்ரோல்-பி அழுத்தி அச்சிட்டாலும் அப்படித்தான். திரையில் தெரியும் ஒரு துண்டு மட்டும் ஒரே பக்கமாக வரும்.

இன்னொரு கோளாறு: கோப்பு இறங்கிவிட்டது, ஆனால் திறந்தால் 'சேதமடைந்த கோப்பு' என்று வருகிறது. அளவைப் பாருங்கள். சாதாரணமாக ஒரு கட்டுரை சில நூறு கேபி-யிலிருந்து சில எம்பி வரை இருக்கும். வெறும் சில கேபி மட்டும் இருந்தால் வந்தது கட்டுரையே அல்ல. அமர்வு காலாவதியாகிவிட்டதால் தளம் அனுப்பிய லாகின் பக்கம், பிடிஎஃப் என்ற பெயரை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நோட்பேடில் திறந்து பார்த்தால் உறுதியாகிவிடும்: உண்மையான பிடிஎஃப் என்றால் விழுக்காட்டுக் குறியோடும் அதையடுத்துப் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடும் தொடங்கும், லாகின் பக்கம் என்றால் கோண அடைப்புக்குள் ஹெச்டிஎம்எல் என்று தொடங்கும். பழுது பார்க்கும் மென்பொருள்களை ஓடவிட்டுப் பயனில்லை. மறுபடி லாகின் செய்து மறுபடி இறக்குவதுதான் வழி.

பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? உலாவி பாப்-அப் ஜன்னலைத் தடுத்திருக்கும். முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு குறி தெரியும். அதைச் சொடுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

கோப்பின் பெயர்

சயின்ஸ்டைரக்ட் தளம் தரும் கோப்புப் பெயர் எண்களும் எழுத்துகளுமாகத் தொடங்கி 'மெயின்' என்று முடியும். மற்றத் தளங்கள் வெறும் எண்ணையோ 'ஃபுல்டெக்ஸ்ட்' என்பதையோ வைக்கும். மொபைலில் இன்னும் மோசம். 'டவுன்லோடு' என்ற பெயரில் 1, 2, 3 என்று வரிசையாகக் குவியும். ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பிலிருந்து மூன்று நான்கு சொற்கள் என்ற வரிசை போதும். இடையில் அடிக்கோடு போடுங்கள். முக்காற்புள்ளி, சாய்கோடு, கேள்விக்குறி, உடுக்குறி ஆகியவற்றை விண்டோஸ் ஏற்காது. தலைப்பை அப்படியே வெட்டி ஒட்டும்போது பிழை வருவது பெரும்பாலும் உபதலைப்புக்கு முன்னால் உள்ள முக்காற்புள்ளியால்தான்.

தமிழில் பெயர் வைக்கலாம். ஆனால் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் வரம்பு. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். புள்ளி, கொம்பு, கால் ஆகியவை தனிக் குறிகளாகக் கணக்கில் வரும். ஆக, 85 குறிகள்தான் இடம். எழுத்தாக எண்ணினால் அதைவிடக் கணிசமாகக் குறைவு. கணினியில் நன்றாக இருந்த கோப்பு மொபைலுக்குப் போகும்போது நகலாக மறுத்தால் இதையும் சந்தேகியுங்கள். விண்டோஸில் சிக்கல் வேறு மாதிரி: ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்துக்கொண்டே போனால் முழுப் பாதையும் சேர்ந்து 260 குறியைத் தாண்டும், பல நிரல்கள் அங்கே நின்றுவிடும்.

நிலையான இணைப்பு

முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே எடுத்து அனுப்பாதீர்கள். அதற்குள் அமர்வு எண், தேடல் எண், முடிவில் எத்தனையாவது இடம் என்பவையெல்லாம் கலந்திருக்கும். பிடிஎஃப் திறந்திருக்கும் தாவலின் முகவரி இன்னும் ஆபத்து. சில தளங்கள் அதைச் சில நிமிடங்களே செல்லுபடியாகும் தற்காலிக முகவரியாக உருவாக்குகின்றன. உங்களுக்குத் திறக்கும், அடுத்தவருக்குத் திறக்காது.

எப்ஸ்கோவில் கட்டுரைப் பக்கத்தில் 'பெர்மாலிங்க்' அல்லது 'ஷேர்' என்ற தெரிவு இருக்கும். கேலில் 'கெட் லிங்க்'. புரோக்வெஸ்ட்டில் சுருக்கமும் விவரமும் உள்ள பகுதியில் 'டாக்குமெண்ட் யுஆர்எல்' என்ற வரி. அதில் 'டாக்வியூ' என்ற சொல்லும் அதன்பின் ஓர் எண்ணும் வரும், அந்த எண்தான் கட்டுரையின் அடையாளம். ஜேஸ்டோரில் 'ஸ்டேபிள்' என்ற சொல்லைத் தொடர்ந்து எண் வரும் முகவரி. பிடிஎஃப்-இன் முகப்புத் தாளிலும் அது அச்சாகியிருக்கும் என்பதால் ஜேஸ்டோர் கோப்புகளில் அந்த முதல் தாளைப் பிய்த்து எறிய வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது டிஓஐ. எப்போதும் 10 என்ற எண்ணோடும் புள்ளியோடும் தொடங்கும். நடுவில் ஒரு சாய்கோடு. கட்டுரை ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறினாலும் டிஓஐ மாறாது. அது சுட்டும் முகவரியைத்தான் புதுப்பிப்பார்கள். டிஓஐ டாட் ஆர்க் என்ற முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு எண்ணை ஒட்டினால் முழு இணைப்பு தயார். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வந்தால் கடைசியில் பாருங்கள்: வாக்கியத்தின் முற்றுப்புள்ளி எண்ணோடு ஒட்டி வந்திருக்கும். சில பழைய கட்டுரைகளின் டிஓஐ-க்குள் கோண அடைப்பும் அரைப்புள்ளியும் இருக்கும். மின்னஞ்சல் நிரல்கள் அந்த இடத்தில் இணைப்பை வெட்டிவிடும். அப்படிப்பட்டவற்றை இணைப்பாக அனுப்பாமல் எண்ணாகவே அனுப்பி, டிஓஐ தளத்தில் உள்ள பெட்டியில் ஒட்டித் தேடச் சொல்லுங்கள்.

டிஓஐ-யின் ஒரே குறை, அது உங்கள் நூலகத்தை அறியாது. வீட்டிலிருந்து சொடுக்கினால் பதிப்பகத்தின் பணம் கேட்கும் பக்கத்துக்கே போகும். இங்கேதான் பிராக்ஸி முன்னொட்டு, அதாவது சொடுக்குபவரை நூலகத்தின் வழியாக அனுப்பும் முகவரித் துண்டு, உதவுகிறது. பல நூலகங்கள் ஈஸிபிராக்ஸி என்ற மென்பொருளை வைத்திருக்கின்றன. அதன் லாகின் முகவரி, அதைத் தொடர்ந்து கேள்விக்குறி, யுஆர்எல், சமக்குறி என்று வரும் ஒரு முன்னொட்டை நூலகப் பக்கத்தின் உதவிப் பகுதியில் காணலாம். அதற்குப் பின்னால் டிஓஐ இணைப்பை ஒட்டினால், சொடுக்குபவரிடம் முதலில் நூலக லாகினைக் கேட்டு, பிறகு நேராகக் கட்டுரைக்குக் கொண்டுபோகும். ஓப்பன்அதென்ஸ் என்ற லாகின் சேவையை வைத்திருக்கும் நூலகங்களில் இதற்கென்று இணைப்பு உருவாக்கும் பக்கம் ஒன்று இருக்கும்.

பிராக்ஸி வழியாகப் படிக்கும்போது தளத்தின் பெயரே உருமாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: புள்ளிகள் இருந்த இடத்தில் சிறுகோடுகள், கடைசியில் உங்கள் நூலகத்தின் பெயர். இந்த உருவத்தில் உள்ள முகவரி உங்கள் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவருக்கு எதற்கும் ஆகாது. அதே நிறுவனத்தாருக்குப் பிராக்ஸி இணைப்பு, வெளியாருக்கு வெறும் டிஓஐ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புமுன் சோதிப்பது எளிது. உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து இணைப்பை ஒட்டுங்கள். நூலக லாகினோ கட்டுரையின் பதிவுப் பக்கமோ வந்தால் சரி. 'அமர்வு முடிந்தது' என்றோ தரவுத்தளத்தின் முகப்புப் பக்கமோ வந்தால் நீங்கள் எடுத்தது தவறான முகவரி.

மேற்கோள் விவரத்தை எடுப்பது

ஓரிரு கட்டுரைதான் என்றால் 'சைட்' பொத்தானை அழுத்தி, வேண்டிய நடையைத் தேர்ந்து, வருவதை நகலெடுத்துக்கொள்ளலாம். நகலெடுத்ததைத் திருத்தாமல் விடாதீர்கள். எந்திரம் எழுதிய மேற்கோளில் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும், இதழின் பெயர் இரண்டு முறை வரும், ஆசிரியரின் முதற்பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறியிருக்கும். தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தை இந்த நிரல்கள் அறியா. முதலெழுத்தையே குடும்பப் பெயராக்கி அகர வரிசையில் எங்கோ தள்ளிவிடும். பிடிஎஃப்-இன் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதைத் தவிர வழியில்லை.

பத்துக்கு மேல் போனால் மேற்கோள் மேலாண்மை மென்பொருள் வேண்டும். 2006-இல் வெளிவந்த ஜொட்டேரோ இலவசம்; தொடங்குபவர்களுக்கு அதையே பரிந்துரைக்கலாம். கணினியில் நிரலை நிறுவி, உலாவியில் அதன் 'கனெக்டர்' நீட்சியைச் சேருங்கள். கட்டுரைப் பக்கத்தில் இருக்கும்போது நீட்சியின் குறி ஒரு தாள்போல மாறும். சொடுக்கினால் மேற்கோள் விவரமும், கிடைத்தால் பிடிஎஃப்-உம் சேர்ந்தே ஜொட்டேரோவுக்குள் போகும். தேடல் முடிவுப் பட்டியலில் இருக்கும்போது அந்தக் குறி ஃபோல்டர் வடிவம் எடுக்கும். அதைச் சொடுக்கி வேண்டியவற்றை மட்டும் டிக் செய்யலாம். டிஓஐ மட்டும் கையில் இருந்தால் ஜொட்டேரோவின் மந்திரக்கோல் குறியை அழுத்தி அதில் ஒட்டினால் விவரம் தானாக நிரம்பும். ஜொட்டேரோவின் சர்வரில் கோப்புகளுக்கு இலவச இடம் 300 எம்பி. ஆராய்ச்சி மாணவருக்கு அது சீக்கிரம் நிறைந்துவிடும். மேற்கோள் விவரங்களுக்கு அந்த வரம்பு இல்லை. எனவே கோப்பு ஒத்திசைவை நிறுத்திவிட்டு விவர ஒத்திசைவை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கனெக்டர் வேலை செய்யாத தளங்களில் 'எக்ஸ்போர்ட்' வழியாக ஆர்ஐஎஸ் என்ற மேற்கோள் விவரக் கோப்பை எடுங்கள். எல்லா மேற்கோள் நிரல்களும் அதைப் படிக்கும். லேடெக்ஸ் என்ற ஆவண அமைப்பு நிரலில் எழுதுபவர்களுக்குப் பிப்டெக்ஸ் வடிவம். பப்மெட் 'சைட்டேஷன் மேனேஜர்' என்ற தெரிவில் என்பிஐபி என்ற தன் வடிவத்தைத் தரும். அதையும் ஜொட்டேரோ படிக்கும். இந்தக் கோப்புகள் சாதாரண உரைதான். இறக்குமதியில் கடைசிக் கட்டுரை மட்டும் காணாமல் போனாலோ இரண்டு ஒன்றாக ஒட்டிக்கொண்டாலோ ஆர்ஐஎஸ் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பதிவும் டிஒய் என்ற ஈரெழுத்துக் குறியில் தொடங்கி இஆர் என்ற குறியில் முடிய வேண்டும். எங்காவது ஓர் இஆர் வரி விடுபட்டிருக்கும்.

பட்டியலை எக்செல்லில் பார்க்க சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்த் தலைப்போ பிரெஞ்சு, ஜெர்மன் பெயர்களோ உள்ள சிஎஸ்வி-யை இருமுறை சொடுக்கித் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். கோப்பு கெடவில்லை, எக்செல் குறியாக்கத்தைத் தவறாக ஊகித்திருக்கிறது. சேமிக்காமல் மூடுங்கள், சேமித்தால் சிதைவு நிரந்தரமாகிவிடும். வெற்றுத் தாளில் 'டேட்டா' தாவலுக்குப் போய் 'ஃப்ரம் டெக்ஸ்ட் ஆர் சிஎஸ்வி' என்பதைத் தேர்ந்து, கோப்பின் மூலக் குறியாக்கமாக 65001 யுடிஎஃப்-8 என்பதைக் கொடுங்கள்.

பல கட்டுரைகளை ஒன்றாகச் சேர்க்கும்போது

தேடிக்கொண்டே ஃபோல்டரில் போட்டுக்கொண்டு போய், கடைசியில் ஒரே முறையாகச் சேமிப்பதும் அனுப்புவதும் வசதிதான். தனிக் கணக்கில் உள்நுழைந்த பிறகு என்றால் மட்டும். இல்லாவிட்டால் ஃபோல்டர் அமர்வோடு போகும். பப்மெட் இதில் கொஞ்சம் தாராளம்: அதன் 'கிளிப்போர்டு' 500 பதிவுகள் வரை வைத்திருக்கும், 8 மணி நேரம் எதுவும் செய்யாமல் விட்டால்தான் அழியும். ஆனாலும் மை என்சிபிஐ-யில் 'கலெக்‌ஷன்' ஆக்கிவிடுவதே பாதுகாப்பு. வெப் ஆஃப் சயின்ஸில் ஏற்றுமதிக்கு, வடிவத்தைப் பொறுத்து, ஒரு தொகுதிக்கு 500 அல்லது 1000 பதிவுகள் என்று வரம்பு உண்டு. அதற்கு மேல் என்றால் 1 முதல் 500, 501 முதல் 1000 என்று எண் கொடுத்துத் துண்டு துண்டாக எடுங்கள். ஒவ்வொரு துண்டின் கோப்புப் பெயரிலும் அந்த எண்களை எழுதிவிட்டால் எது விடுபட்டது என்று பிறகு தேட வேண்டாம்.

மேற்கோள் விவரங்களை ஆயிரக்கணக்கில் எடுக்கலாம், முழு உரைகளை அப்படி எடுக்கக் கூடாது. நிரல் எழுதியோ இறக்கும் நீட்சிகளை வைத்தோ ஓர் இதழின் எல்லா இலக்கங்களையும் உருவுவது அநேகமாக எல்லா உரிம ஒப்பந்தங்களிலும் தடைசெய்யப்பட்டது. தளம் அதைக் கண்டுபிடித்தால் உங்களை மட்டுமல்ல, நிறுவனம் முழுவதையும் தடுக்கும். ஏனென்றால் அதற்குத் தெரிவது உங்கள் பெயர் அல்ல, நிறுவனத்தின் ஐபி முகவரி. 2010 அக்டோபரில், ஒருவரின் பெருந்திரள் பதிவிறக்கத்தால் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் முழுவதற்குமே ஜேஸ்டோர் சில நாள் துண்டிக்கப்பட்டது. உரை ஆய்வுக்காக உண்மையிலேயே ஆயிரம் கட்டுரைகள் தேவைப்பட்டால் நூலகரிடம் சொல்லுங்கள். பல பதிப்பகங்களும் தளங்களும் அதற்கென்று தனி வழி வைத்திருக்கின்றன.

மின்னஞ்சலில் அனுப்புவது

தரவுத்தளத்துக்குள்ளிருந்தே அனுப்பும்போது படிவத்தில் கவனிக்க வேண்டியவை சில. 'இணைப்பாகப் பிடிஎஃப்-ஐச் சேர்' என்ற பொருளில் ஒரு தெரிவுப்பெட்டி இருந்தால் அதில் டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சுருக்கமும் கட்டுரையின் இணைய முகவரியும் மட்டும் போகும். மேற்கோள் வடிவம் கேட்டால் உங்களுக்கு வேண்டிய நடையைக் கொடுங்கள். கடிதத்திலேயே மேற்கோளும் வந்துவிடும். பல முகவரிகளுக்கு இடையில் சில தளங்கள் அரைப்புள்ளி கேட்கும். காற்புள்ளி போட்டால் பிழை காட்டும் தளங்கள் உண்டு. பொருள் வரியை வெறுமையாக விடாதீர்கள். தளம் தானாக வைக்கும் தலைப்பு எல்லாக் கடிதங்களுக்கும் ஒன்றாகவே இருக்கும்; ஜிமெயில் எல்லாவற்றையும் ஒரே உரையாடலாகச் சுருட்டிவிடும்.

கடிதம் வரவில்லை என்றால் ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள். அனுப்புநர் முகவரி உங்களுடையது அல்ல, தரவுத்தளத்தினுடையது. வடிகட்டிகளுக்கு அது அந்நியம். ஒரு முறை 'ஸ்பேம் அல்ல' என்று குறித்துவிட்டால் அடுத்த முறை நேராக வரும். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினால் அது உங்களுக்கு வராமல் போகலாம் என்பதால், பெறுபவருக்குச் சொல்ல வேண்டியதைக் குறிப்புப் பகுதியில் உங்கள் பெயரோடு எழுதுங்கள்.

கடிதம் வராததற்கு இன்னொரு காரணம் அளவு. ஜிமெயிலிலிருந்து அனுப்பும் கடிதத்துக்கு வரம்பு 25 எம்பி. இணைத்த கோப்பு மின்னஞ்சலில் போகும்போது உரையாக மாற்றிக் குறியாக்கப்படுவதால் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆகவே 18 எம்பி தாண்டாமல் இருப்பது நல்லது. சாதாரணக் கட்டுரைகள் இந்த எல்லையைத் தொடாது. பழைய இதழ்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப்-கள் தொடும், அதுவும் ஐந்தாறை ஒரே கடிதத்தில் வைத்தால். அவற்றைக் கூகுள் டிரைவுக்கோ ஒன்டிரைவுக்கோ அனுப்புங்கள். எப்ஸ்கோ, புரோக்வெஸ்ட், கேல் மூன்றிலும் டிரைவுக்கு நேராக அனுப்பும் பொத்தான் உண்டு. முதல் முறை உங்கள் டிரைவில் எழுத அனுமதி கேட்கும். அந்த ஜன்னலும் பாப்-அப் ஆகையால் தடுக்கப்பட்டிருக்கலாம்.

உங்களுக்கே அனுப்பிக்கொள்வது வேறு, அடுத்தவருக்கு அனுப்புவது வேறு. கூட ஆய்வு செய்பவர் ஒருவருக்குக் கட்டுரையின் ஒரு படி அனுப்புவதைப் பல உரிமங்கள் அனுமதிக்கின்றன. நூறு பேர் உள்ள வாட்ஸாப் குழுவிலோ, யாரும் திறக்கக்கூடிய டிரைவ் ஃபோல்டரிலோ போடுவதை அனுமதிப்பதில்லை. வகுப்புக்கு என்றால் நிலையான இணைப்பை அனுப்புவதுதான் முறை. ஒவ்வொரு சொடுக்கும் நூலகத்தின் பயன்பாட்டுக் கணக்கில் ஏறும், அடுத்த ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்க நூலகம் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். பிடிஎஃப்-இன் ஓரத்தில் நிறுவனத்தின் பெயரும் இறக்கிய நாளும் நேரமும் அச்சாகியிருப்பதையும் பாருங்கள். பொறியியல் கட்டுரைத் தளமான ஐஇஇஇ எக்ஸ்புளோர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதைப் போடுகிறது. கோப்பு எங்கே போனாலும் அந்த வரி கூடவே போகும்.

முழு உரை கிடைக்காதபோது

நூலகத்தின் பெயரோடு ஒரு 'ஃபைண்ட் இட்' பொத்தான் பதிவில் இருந்தால் அதை அழுத்துங்கள். அதே கட்டுரை நூலகத்தின் வேறொரு தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று அது தேடும். சில இதழ்களின் அண்மை இலக்கங்கள் மட்டும் ஒரு தளத்தில் இருக்காது. பதிப்பகத்தோடு உள்ள ஒப்பந்தப்படி ஜேஸ்டோரில் பல இதழ்களுக்கு 3 முதல் 5 ஆண்டு வரை இந்த இடைவெளி உண்டு. அடுத்து, அன்பேவால் என்ற இலவச நீட்சி. ஆசிரியரே சட்டப்படி வெளியிட்ட படி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டைக் காட்டும். அப்படிக் கிடைப்பது அச்சுக்கு முந்தைய படியாக இருந்தால் கோப்புப் பெயரிலேயே 'முன்படி' என்று எழுதிவையுங்கள். பக்க எண்களும் சில நேரம் முடிவுகளும்கூட அச்சில் மாறியிருக்கும். இரண்டும் பலிக்காவிட்டால் நூலகங்களுக்கு இடையிலான கடன் சேவை. படிவத்தில் டிஓஐ-யையோ பப்மெட் எண்ணையோ கொடுத்தால் வேலை விரைவாக முடியும். அந்த வழியில் வரும் கோப்புக்கான இணைப்பு சில நாட்களிலோ சில முறை திறந்த பிறகோ காலாவதியாவது வழக்கம். வந்த அன்றே இறக்கிவிடுங்கள்.

மின்னூல்களின் கதை தனி. அத்தியாயம் அத்தியாயமாகப் பிடிஎஃப் தரும் தளங்களில் மேலே சொன்ன எல்லாமே பொருந்தும். முழு நூலையும் கடனாகத் தரும் தளங்களில் கோப்பு பூட்டோடு வரும். அதைத் திறக்க அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் போன்ற நிரல் வேண்டும், தவணை முடிந்ததும் திறக்காது. அங்கே சேமித்து வைக்க முடிவது அனுமதிக்கப்பட்ட சில பக்கங்களையும் உங்கள் குறிப்புகளையும்தான்.

தேடலையும் சேமியுங்கள்

கட்டுரைகளைக் கொண்டுவந்து சேர்த்த தேடல் வரியையும் எடுத்து வைக்க வேண்டும். தனிக் கணக்கில் 'சேவ் சர்ச்' கொடுத்தால் சொற்கள், ஆண்டு வரம்பு, வடிகட்டிகள் எல்லாம் பதிவாகும். அதையே அலர்ட் ஆக்கினால் புதிதாக வருபவை மின்னஞ்சலில் வரும். முறைசார் மீளாய்வு (ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுப்பது) எழுதுபவர்கள் தேடல் வரியோடு தேடிய தேதியையும் கிடைத்த முடிவுகளின் எண்ணிக்கையையும் தனி உரைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும்; தரவுத்தளத்தில் ஒவ்வொரு நாளும் பதிவுகள் சேர்வதால் அதே வரி அடுத்த மாதம் வேறு எண்ணைத் தரும்.

அலர்ட்களுக்கு ஆயுள் உண்டு. உருவாக்கும்போதே இரண்டு மாதமா, ஆறு மாதமா, ஓராண்டா என்று சில தளங்கள் கேட்கும். முடிந்ததும் ஓசையில்லாமல் நின்றுவிடும். துறையில் புதிதாக எதுவும் வரவில்லை என்று தோன்றினால், முதலில் அலர்ட் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

பொதுக் கணினியில் வேலை செய்திருந்தால் வெளியேறுவது மூன்று இடங்களில்: தரவுத்தளத்தின் தனிக் கணக்கு, கூகுள் டிரைவ், நூலக லாகின். டவுன்லோடு ஃபோல்டரில் கிடக்கும் கோப்புகளையும் அழியுங்கள். உலாவியை மூடினால் மட்டும் டிரைவ் கணக்கு வெளியேறுவதில்லை.